ஏழையின் வழக்கை எடுத்துரைக்க எங்கே படிப்பது?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலம் வந்துவிட்டால், தமிழ்ப் பெற்றோர் பலரின் உள்ளத்தில் எழும் வினாக்களுள் ஒன்று, “பிள்ளையைச் சட்டம் படிக்க எங்கே அனுப்புவது?” என்பதாகும். கொழும்புப் பல்கலைக்கழகமா, யாழ்ப்பாணமா, பேராதனையா? புதுக்கடையிலுள்ள சட்டக் கல்லூரியா? அன்றிக் கடல் கடந்த ஏதேனுமொரு பல்கலைக்கழகத்தின் பட்டத்தைக் கொழும்பில் இருந்தபடியே பெரும் பணம் கொடுத்துப் பெறுவதா? இவ்வாறு கேட்போருக்கு நாம் மறுகேள்வி ஒன்றையே முதலில் போட விரும்புகிறோம். பிள்ளை யாருடைய வழக்கைப் பேசப் போகிறது?

காணி உறுதி முடித்துப் பொருளீட்ட விரும்பும் பிள்ளைக்கும், கம்பனிகளின் ஒப்பந்தங்களைத் தீட்டிக் கொடுக்க விரும்பும் பிள்ளைக்கும் நாம் இங்கே புத்தி சொல்ல வரவில்லை. அவையும் நேர்மையாகச் செய்யக்கூடிய தொழில்களே. நாம் பேச வந்தது, கூலி கொடுக்க வகையற்றவனுக்காகவும், ஓர் ஊரின் நீருக்கும் நிலத்துக்குமாகவும், ஒரு மக்கட் கூட்டத்தின் மொழிக்கும் உரிமைக்குமாகவும் மன்றேறி நிற்க விரும்பும் பிள்ளையைப் பற்றியதாகும். அத்தகைய பிள்ளைகள் நம்மிடையே இல்லாமலில்லை. ஆனால், எந்த வழியாற் செல்வது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல், பத்துப் பேர் போன வழியே தாமும் போய், ஐந்தாறு ஆண்டுகளில் அந்த எண்ணத்தையே கைவிட்டு விடுகிறார்கள். இந்த நட்டம் அந்தப் பிள்ளைகளோடு நிற்பதில்லை. சமூகம் முழுவதையும் அது சேருகிறது.

நான்கு வழக்குகள் சொல்லும் பாடம்

கல்லூரியைத் தேடுமுன் வழக்கைப் பார்ப்போம். பொதுநலச் சட்டத்தரணிக்கு என்ன தேவை என்பதைக் கல்லூரிகளின் விளம்பரங்களைக் காட்டிலும் நடந்த வழக்குகளே தெளிவாகச் சொல்லும்.

கோடீஸ்வரன் வழக்கை அறியாத அரசியல் வாசகர் இருக்க முடியாது. 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டத்தின் கீழ், சிங்களப் பரீட்சையில் தேறவில்லை என்பதற்காக ஓர் அரசாங்க லிகிதருக்குச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். அந்தச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடிக்குரியவர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற காரணத்தைக் காட்டி 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தொடரலாம் என்று 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் கூறி, அரசியலமைப்புக் கேள்வியை இங்கேயே தீர்க்குமாறு திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை கிடைக்கவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கு முறையிடும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து 29ஆம் பிரிவையே இல்லாமற் செய்தது. ஒரு லிகிதரின் சம்பளத்துக்குள்ளே ஓர் இனத்தின் உரிமை முழுவதும் அடங்கியிருப்பதைக் கண்டு கொள்ளும் கண் சட்டத்தரணிக்கு வேண்டும். அந்தக் கண் அரசியலமைப்புச் சட்டத்தை ஆழ்ந்து கற்பதால் வருவது.

சிங்கராசா வழக்கு இன்னொரு பாடம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1993இல் கைதான அவருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. அவரது குற்ற ஒப்புதல் என்று நீதிமன்றில் வைக்கப்பட்ட பத்திரமோ சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அதில் அவரது கைவிரல் அடையாளம் இருந்தது. அந்தப் பத்திரத்தை ஆதாரமாகக் கொண்டு 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் கூறிற்று. ஆயினும், 2006இல் நமது உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை நிராகரித்தது. தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளினால் ஒரு மனிதனின் ஆயுள் அளக்கப்படும் நாட்டில், மொழி தெரியாத சட்டத்தரணியால் என்ன பயன்?

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை நம் வாசகருக்குத் தெரிந்ததே. ஊரவர் மல்லாகம் நீதிமன்றத்தை நாடினர். உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுத் தொடுத்தவரோ, தெற்கிலே சுற்றாடற் பணியாற்றும் ஒரு சிங்கள அன்பர். அந்த மனுவில் 2019 ஏப்ரிலில் வந்த தீர்ப்பு, அங்கு அனல்மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. அந்த அன்பருக்கு நாம் நன்றியுடையோம். எனினும், யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்காக உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஏன் முந்தவில்லை என்று நம்மை நாமே கேட்டுக் கொள்ளாதிருக்க முடியவில்லை. நம்மில் சட்டம் படித்தவர்கள் குறைவா? இல்லை. அந்தத் துறையைத் தமது தொழிலாகக் கொண்டவர்களே குறைவு.

நான்காவது, காணாமல் ஆக்கப்பட்டோரின் வழக்கு. போரின் இறுதி நாட்களில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களைத் தேடி, உறவினர் 2013இல் வவுனியா மேல் நீதிமன்றில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். அவற்றுள் ஒன்றில், கையளிக்கப்பட்டவரை மன்றில் நிறுத்துமாறு இராணுவத்துக்குக் கட்டளை வந்தது 2022 டிசம்பரில். இடையே ஒன்பது ஆண்டுகள்! கூலி கொடுக்க வழியில்லாத பெண்களின் பக்கத்தில் ஒன்பது ஆண்டுகள் தவணைக்குத் தவணை நிற்பதற்கு அறிவு மட்டும் போதுமா? நிற்பவனுக்கும் அடுப்பெரிய வேண்டாமா?

ஆகவே பொதுநலச் சட்டத்தரணிக்கு மூன்று வேண்டும் என்போம். ஆழ்ந்த படிப்பு ஒன்று. மும்மொழித் திறன் இரண்டு. கடனில்லாத கை மூன்று. எந்தக் கல்விக்கூடம் இந்த மூன்றையும் கெடாமற் கொடுக்கிறதோ அதுவே சிறந்தது. கட்டடத்தின் கம்பீரமும் பட்டத்தின் பகட்டும் பிறகு பார்க்க வேண்டியவை.

வாசல் ஒன்றே, வழிகள் பல

பெற்றோர் பலருக்கு விளங்காத ஓர் உண்மையை இங்கே விளக்க வேண்டும். இந்நாட்டில் சட்டத்தரணியாக எவரையும் ஏற்றுக் கொள்வது உயர் நீதிமன்றமே. அதற்குரிய வாசல் சட்டக் கல்லூரி ஒன்றே. நியாயதுரந்தரர், பிரக்கிராசி என்று முன்பிருந்த இரு பிரிவுகளும் 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தினால் ஒன்றாக்கப்பட்டன. பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டம் பெற்றவனும், வெளிநாட்டுப் பட்டம் பெற்றவனும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேறி, ஒரு சட்டத்தரணியிடம் பயிலுநராக இருந்தே மன்றேற முடியும். ஆகவே, அந்த வாசலுக்கு எந்த வழியாற் செல்வது என்பது மாத்திரமே நம் முன்னுள்ள கேள்வி.

நேர்வழி சட்டக் கல்லூரியே. 1874இல் தோன்றிய அந்நிறுவனம் நீதிமன்றங்களின் அருகிலேயே இருக்கிறது. பாடம் கேட்ட பிள்ளை சற்று நடந்தால் வழக்கைக் கேட்கலாம். அனுமதிப் பரீட்சையில் தேறினால் மூன்றாண்டுப் படிப்பு. பின்னர் ஆறுமாதப் பயிற்சி. தமிழ்ப் பிள்ளைகள் அங்கே தமிழ் மன்றம் நடத்துகிறார்கள். “நீதிமுரசு” என்னும் மலரை வெளியிடுகிறார்கள். இவை அதன் சிறப்புகள். ஆனால், அங்கே கட்டணம் உண்டு. கொழும்பிலே அறை எடுத்துத் தங்கும் செலவு அதனினும் பெரிது. பரீட்சைக்கு மேற் பரீட்சையாகச் செல்லும் படிப்பில், சட்டம் ஏன் இவ்வாறு இருக்கிறது, எவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்று சிந்திக்க அவகாசம் குறைவு.

பல்கலைக்கழக வழி நீண்டது. நான்கு ஆண்டுகள் ஆகும். அதன் பின்னரும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகள் காத்திருக்கும். ஆயினும் அது இலவசக் கல்வி. கொழும்பிற் சட்டபீடம் உண்டு. அங்கே பல்கலைக்கழகச் சட்டக் கல்வி 1947இல் ஆரம்பமாயிற்று. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் சட்டத்துறைகள் உள்ளன. அரசியலமைப்புச் சட்டத்தையும் சர்வதேச மனித உரிமைச் சட்டத்தையும் ஆற அமரக் கற்பதற்கு இவையே தகுந்த இடங்கள். கோடீஸ்வரன் வழக்குப் போன்றதொன்று நாளை வந்தால் அதைக் கண்டு கொள்ளும் கண்ணை இங்கேதான் பெற வேண்டும். ஆகவே, புள்ளிகள் இடங்கொடுக்கும் பிள்ளைக்கு நாம் கூறும் புத்தி இதுவே: முதலில் பல்கலைக்கழகம், பின்னர் சட்டக் கல்லூரி. இரண்டு ஆண்டுகள் பிந்துகின்றனவே என்று பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை. ஒன்பது ஆண்டு வழக்கை நடத்தப் போகிறவனுக்கு இரண்டு ஆண்டுப் பொறுமை பெரிதல்ல.

கொழும்பா யாழ்ப்பாணமா என்று கேட்டால், ஒவ்வொன்றிலும் ஒரு வரவும் ஒரு செலவும் உண்டென்போம். யாழ்ப்பாணத்திற் படிக்கும் பிள்ளை தன் மக்களின் துயரின் நடுவிலே இருந்து படிக்கிறது. காணி இழந்தவனும் கணவனைத் தேடுபவளும் அதற்குப் புத்தகத்துச் செய்தியல்லர்; அயலவர். ஆனால், நான்கு ஆண்டுகளும் சிங்களம் ஒரு வார்த்தை பேசாமற் கழித்துவிட முடியும். கொழும்பிற் படிக்கும் பிள்ளைக்குச் சிங்களமும் உயர் நீதிமன்றமும் எட்டும் தூரத்தில் உள்ளன. ஆனால், தன் ஊரைச் சட்டப் புத்தகத்துக்குள் மறந்துவிடும் ஆபத்தும் அங்கே உண்டு. எந்த இடத்துக்குச் சென்றாலும், அந்த இடம் தராததைத் தானே தேடிக் கொள்ளும் பிள்ளையே உருப்படும்.

புள்ளிகள் போதவில்லையா? மனம் உடைய வேண்டாம். 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் சட்டமாணிப் பட்டத்துக்குப் படிப்பிக்கிறது. ஆசிரியரும் லிகிதரும் தொழிலை விடாமலே அங்கே படிக்கிறார்கள். தொழில் செய்து கொண்டு சட்டம் படிப்பது இரண்டாந்தரம் என்று எண்ணுவோர், தந்தை செல்வா ஆசிரியத் தொழில் பார்த்துக் கொண்டே சட்டம் படித்தவர் என்பதை நினைவிற் கொள்வாராக!

கடன் என்னும் விலங்கு

பெரும் பணம் கொடுத்துப் பெறும் பட்டங்களைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லி விடுகிறோம். அவற்றைக் கற்பிப்போர் எல்லோரும் தரமற்றவர் என்று நாம் கூறவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை படிக்கட்டும். ஆனால், காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடகு வைத்துப் படிக்கும் பிள்ளை, மன்றேறிய முதல் நாளே கடன்காரனாக நிற்கிறது. ஏழைத் தாய் ஒருத்தி வாசலில் வந்து நின்றால் அதன் மனம் இரங்கும். கடன் இரங்க விடாது. முதல் ஐந்தாண்டு கடன் தீர்க்கப் போகும். அதற்குள் பழகிய பழக்கமே தொழிலாகிவிடும். பொதுநலப் பணிக்குப் போக வேண்டிய எத்தனையோ நல்ல உள்ளங்களை வழியிலே மறித்தது ஆசையன்று, கடனே என்பது நம் துணிபு.

மேனாட்டுக் கல்வியே வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. நீலன் திருச்செல்வம் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று, அதன் பின் ஹாவார்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார்; திரும்பி வந்து இங்கே ஆராய்ச்சிக்கும் சட்டப் பணிக்குமான நிறுவனங்களைக் கட்டினார். முதலில் இந்நாட்டுச் சட்டம், பின்னர் உலகச் சட்டம், அதன்பின் திரும்பி வருதல். இந்த ஒழுங்கு தவறினால், நமது செலவிற் பிற நாட்டுக்கு ஒரு சட்டத்தரணியை ஆக்கிக் கொடுத்தவராவோம்.

மொழிப் பிரச்சினை

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதென்று 2020இன் இறுதியில் வர்த்தமானி அறிவித்தல் வந்ததையும், 2023 மார்ச்சில் அவ்விதிகளைப் பாராளுமன்றம் பெரும் பெரும்பான்மையால் நிராகரித்ததையும் வாசகர் அறிவர். நிராகரித்தது சரியே. வன்னியிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் தமிழிற் படித்து வரும் பிள்ளையின் முகத்தில் அந்த வாசலை அடிப்பது அநீதி.

எனினும், அந்த வெற்றியோடு நின்று விடுவோமானால் நம்மை நாமே ஏமாற்றியவராவோம். உயர் நீதிமன்றிலும் மேன்முறையீட்டு நீதிமன்றிலும் வழக்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. அடிப்படை உரிமை மனுவை விசாரிக்கும் அதிகாரம் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றம் ஒன்றுக்கே உண்டு. உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். மன்னாரிலே பொலிஸாரிடம் அடிபட்ட ஒருவன், வைத்தியசாலையை விட்டு வெளியேறி, காசு திரட்டி, கொழும்பிலே ஆள் தேடி முடிப்பதற்குள் அந்த மாதம் ஓடிவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கிற் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. இதை அவனுக்குத் தமிழிலே சொல்லவும், மனுவை ஆங்கிலத்திலே தீட்டவும் வல்ல ஒரு சட்டத்தரணி மன்னாரிலேயே இருந்தால், ஒரு மாதம் போதும்.

மலையகத்திலோ நிலைமை இன்னும் கடினம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் முறையீடு, கொடக்கன்பிள்ளை வழக்காக இலண்டன் வரை சென்று 1953இல் தோற்றது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று குடியுரிமை பெற்றுவிட்டார்கள். ஆனால், தம் வழக்கைத் தாமே விளங்கிக் கொள்ள முடியாமல், சிங்களத்தில் நடவடிக்கை நடக்கும் மன்றுகளில் மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்து நிற்கிறார்கள். லயத்திலே பிறந்த பிள்ளை ஒன்று மும்மொழியும் கற்றுச் சட்டத்தரணியாகித் திரும்பி வந்தால், அது ஒரு தோட்டத்துக்கே பலம்.

தமிழ் தாய்மொழி, அதிலே வழக்கைக் கேள். ஆங்கிலம் மேல் மன்றின் மொழி, அதிலே எழுது. சிங்களம் பொலிஸ் நிலையத்தின் மொழி. அதிலே நீட்டப்படும் தாளை வாசித்துப் பார். இதுவே நாம் இளைஞருக்குக் கூறுவது. சிங்களம் கற்பது சிங்களத் திணிப்புக்குத் தலைவணங்குவதாகாது. சிங்கராசாவின் பக்கத்தில், அந்தத் தாள் எழுதப்பட்ட வேளையில், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு தமிழ்ச் சட்டத்தரணி இருந்திருந்தால்?

“பொதுநலம் சோறு போடுமா?”

பெற்றோரின் இந்தக் கேள்வியை நாம் இகழவில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவிலும், மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் சம்பளத்துடன் இப்பணியைச் செய்யலாம். மற்றையோர், வாரத்திற் சில நாள் கூலி வழக்கும் சில நாள் கூலியில்லா வழக்குமாகக் காலம் தள்ளலாம். 1976இல் தமிழ்த் தலைவர்கள் ட்ரயல் அட் பார் விசாரணைக்கு நிறுத்தப்பட்ட போது, எழுபதளவான தமிழ்ச் சட்டத்தரணிகள் அவர்களுக்காக மன்றில் தோன்றினர். அரசியலிற் பிரிந்திருந்த செல்வநாயகமும் பொன்னம்பலமும் அன்று ஒரே பக்கத்தில் நின்றனர். அவர்களெல்லாம் வேறு வழக்குகளில் உழைத்து, இந்த வழக்கிற் கொடுத்தவர்களே.

ஆபத்து இல்லையென்றும் சொல்ல மாட்டோம். நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29இலும், குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5இலும் கொழும்பு நகரிலேயே கொல்லப்பட்டனர். இருவரும் இரு வேறு அரசியற் பாதையினர். இருவர் கையிலும் இருந்த ஆயுதம் சட்டம் ஒன்றே. இதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளை இத்துறைக்கு அழைப்பது நேர்மையன்று.

சேருமுன் கேட்க வேண்டியவை

எந்தக் கல்விக்கூடத்திலும் சேருமுன் அங்கே படித்து வெளியேறிய நால்வரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஏழைகளுக்குச் சட்ட ஆலோசனை கூறும் நிலையத்தில் மாணவர் பணியாற்ற அங்கே வழியுண்டா? மனித உரிமை வழக்குகளில் தோன்றிய அனுபவமுள்ளவர் எவரேனும் படிப்பிக்கிறாரா? நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? வெளியேறியவர்களிற் சட்ட உதவிப் பணிக்குச் சென்றவர் உண்டா?

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. கல்லூரியைத் தேர்வதினும் கவனமாகத் தேர வேண்டியது, பயிலுநராகச் சேரும் மூத்த சட்டத்தரணியை. அந்த ஆறு மாதத்தில் எவருடைய பையைச் சுமக்கிறாயோ, அவருடைய தொழிலே உன் தொழிலாகும். கட்சிக்காரனை நிற்க வைத்துப் பேசுபவரிடம் பயின்றால் நீயும் நிற்க வைப்பாய். இருக்கச் சொல்லிக் கேட்பவரிடம் பயின்றால் நீயும் இருக்கச் சொல்வாய்.

சமூகத்தின் கடமை

பிள்ளைகளுக்குப் புத்தி கூறுவதோடு நம் கடமை முடிந்து விடாது. கோபுரம் கட்டவும் தேர் செய்யவும் கேட்டதும் கொடுக்கும் நம் மக்கள், ஊருக்கொரு சட்டத்தரணியை உருவாக்கவும் கொடுக்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் கொழும்பு வாழ்க்கைச் செலவை ஏற்கட்டும்; படித்து முடித்தபின் மூன்றாண்டு தன் மாவட்டத்தில் பணியாற்ற வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன். மூத்த சட்டத்தரணிகள் தம்மிடம் பயிலும் ஏழைப் பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்கட்டும். சட்ட நூல்களைத் தமிழிற் தர வல்லவர்கள் எழுதட்டும்.

முப்பது நாட்களுக்குள் மனுப் போட வேண்டிய ஒருவன் இன்றிரவும் எங்கோ ஒரு வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருப்பான். அவனுக்காக எழுந்து நிற்கப் போகும் பிள்ளை இந்த ஆண்டுதான் பரீட்சை எழுதியிருக்கக் கூடும். அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்து, வழிகாட்டி, கடன் ஏறாமற் படிப்பித்து விடுவது நம் எல்லோருடைய பொறுப்பு என்பதை வலியுறுத்திக் கூறுகிறோம்.